அக்காவுக்குக் கேட்காதது

ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் அத்தான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். இங்கே இரண்டு பேரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் வந்து சேர்ந்ததை அத்தான் உனக்குப் போனில் சொல்லிவிட்டாராம். எனக்குத்தான் போனும் செங்கல்லும் ஒன்றாகிவிட்டதே. டப்பா கம்பெனியில் மூடி அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றதற்குக் கிடைத்த பரிசு இந்தக் காது மெஷின். போட்டால் விசில் ஊதுகிறது, கழற்றினால் உலகமே பஞ்சு மூட்டைக்குள் போய்விடுகிறது. நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று சமாளிப்பேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

உன் வீட்டில் இருந்தவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. உன் விரல் இரண்டும் மஞ்சளில் தோய்த்தது மாதிரி இருக்கின்றன. பால்கனியில் நீ வைத்திருக்கும் டப்பா மூடி நிறைய சிகரெட் துண்டுகள். மாடி ஏறும்போது நடுவில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தாயே, உன் செருப்பில் வாரே கிடையாது. நான் செவிடுதானடா, குருடு இல்லை.

விட்டுவிடு. வேறென்ன சொல்ல?

உன் அக்கா.

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

உன் கடிதத்தை கிரேன் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். நான் வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததில்லை. பனைமரத்தை விட உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கடல் காற்று நேராக நெஞ்சுக்குள் வருகிறது. துறைமுகத்தில் கீழே நிற்கிறவர்கள் லாரிப் புகையைக் குடிக்கிறார்கள். நான் காற்றைக் குடிக்கிறேன். போதாததற்குத் தினமும் ஏணி ஏறி இறங்குகிற வேர்வையில் உள்ளே இருக்கிற கசடெல்லாம் வெளியே போய்விடும். மற்றவர்கள் மாதிரி நான் புகையை அடிவயிறு வரை இழுப்பதும் இல்லை. வாயோடு சரி. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன், அது விஷத்தை முறித்துவிடும். காலையில் ஒன்று பற்ற வைத்தால்தான் வயிறும் வழிக்கு வரும். விட்டேன் என்றால் நீதான் வந்து எனக்கு விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும்.

அப்பா சாகிறவரை பீடி பிடித்தார். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்துதான் போனார். பீடியா இடுப்பை ஒடித்தது?

இன்னொன்று கேள். எனக்குக் கீழே நின்று கையைக் காட்டி, வாக்கி டாக்கியில் வழி சொல்லிக்கொண்டிருந்தாரே கொடிக்காரர், அவர் டாக்டர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் சிகரெட்டை விட்டார். அந்த மழைக்காலம் முடியவில்லை, ஆள் முடிந்துபோனார். பழகின உடம்பிலிருந்து பழகினதைப் பிடுங்கினால் அது தாங்காது, அக்கா. இது நான் கண்ணால் பார்த்தது.

கடைசியாக ஒன்று. கம்பெனியில் உனக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்களே, வைத்தாயா? "சத்தம் பழகிடும்டா"ன்னு சொன்னது யாரு?

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி.

*

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் கடைசி வரி சுரீர் என்றது. கோபமில்லை, நீ சொன்னது சரி.

பஞ்சு வைத்தால் பக்கத்து மெஷின்காரி சொல்கிற வம்பு கேட்காது. அதற்காக வைக்கவில்லை. பழகிவிடும் என்று நினைத்தேன். பழகியதாகவே தோன்றியது, சத்தம் வர வரக் குறைந்துகொண்டே வந்ததே! குறைந்தது சத்தமில்லை, என் காது என்று யார் கண்டது?

முதலில் போனது குக்கர் விசில். ஒரு நாள் சாதம் கருகி அத்தான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "விசில் வருது, கேக்கலையா?"ன்னார். "குக்கர் கெட்டுப்போச்சுங்க, விசிலே வரமாட்டேங்குது"ன்னு அவரோடு சண்டை போட்டுப் புதுக் குக்கர் வாங்கினேன். புதுசிலும் விசில் வரவில்லை. கடைக்காரனைத் திட்டினேன். கடைசிவரை எனக்கு என் காது மேல் சந்தேகமே வரவில்லை, பார்த்துக்கொள்.

உன் உடம்பு உனக்கு ஏதாவது சொன்னால் நீ எந்தக் குக்கரை மாற்றுவாய்? அதுதான் எனக்குப் பயம்.

கொடிக்காரர் விட்டதால் போனாரா, போகிற நிலைமையில்தான் விட்டாரா? இதை நீ யோசித்துப் பார்த்தாயா?

பதில் போடு. சண்டை போடுகிற பதிலானாலும் சரி.

அக்கா.

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். நீயும் அத்தானும் நலம்தானே?

சிகரெட்டை விட்டுவிட்டேன்.

நீ நம்பமாட்டாய். நிஜமாகத்தான். பால்கனி மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. உனக்காக விட்டேன் என்று வைத்துக்கொள். உன் குக்கர் கடிதம்தான் வேலை செய்தது.

கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பை கிழிந்துபோனது. காரணமே இல்லாமல் வீட்டுக்காரியிடம் எரிந்து விழுகிறேன். அவள், "பேசாம பிடிச்சே தொலைங்க"ங்கிறா. வயிற்றைப் பற்றிச் சொன்னேனே, அது அப்படியே நடந்தது. சிரிக்காதே.

கொஞ்ச நாளைக்கு என்னைக் கூண்டிலிருந்து இறக்கி, கேட்டில் லாரிகளின் சீட்டைப் பார்த்து உள்ளே விடுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் வாக்கி டாக்கியில் ஏதோ கோளாறு. நான் பேசுவது கீழே தெளிவாகக் கேட்கவில்லையாம். புதிது வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி.

*

ஏப்ரல் 15

என் தங்கமான தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகை. நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு டீச்சரிடம், காய்கறிக்காரரிடம், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு என் குரலின் அளவு தெரியாதே, தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது போல.

இத்துடன் கற்கண்டும் கிராம்பும் அனுப்புகிறேன். கை சட்டைப் பைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள். எரிந்து விழுந்தால் விழு. உன் வீட்டுக்காரி பொறுத்துக்கொள்வாள், நான் தனியாக எழுதுகிறேன்.

கேட்டில் நிற்பது நல்லதுதான், ஏணி ஏற வேண்டாம். வாக்கி டாக்கி வாங்க இத்தனை நாளா? அவ்வளவு பெரிய துறைமுகத்தில் வேறொன்று இல்லையா?

அடிக்கடி எழுது.

அக்கா.

*

ஜூன் 24

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

உனக்கும் எனக்கும் இனி ஒரே டாக்டர்தான். காது, மூக்கு, தொண்டை. நீ முதல் பாதி, நான் கடைசிப் பாதி. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் புற்று.

முப்பது வருஷம் பிடித்தேன், ஒரு நாள் படுத்ததில்லை. விட்டேன், மூன்று மாதத்தில் வந்துவிட்டது. கொடிக்காரருக்கு நடந்தது எழுத்துப் பிசகாமல் எனக்கும் நடந்திருக்கிறது. நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. உடம்பு தாங்காது என்று எழுதினேனா இல்லையா? உன் குக்கரும் நீயும்!

நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். உன் சந்தோஷத்துக்காக விட்டேன். இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிரு.

பதில் போட வேண்டாம்.

*

ஜூலை 1

தம்பிக்கு,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன்.

என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் உனக்கு வந்திருக்காதோ என்று நூறு தடவை நினைத்துவிட்டேன். டீச்சர் அப்படியெல்லாம் கிடையாது என்கிறார். ஆனால் நீ பார்த்தேன் என்கிறாயே. எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.

புறப்பட்டு வரவா? ஒரு வார்த்தை போதும். "வா" என்று மட்டும் எழுது.

அக்கா.

*

ஜூலை 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. அண்ணனும் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் நலம் உங்களுக்குத் தெரியும்.

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். எடுத்து எடுத்துப் பார்க்கிறார், பதில் மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். நீங்கள் அவர் சொன்னதை நம்பிக்கொண்டு மனசு குமைவது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணி, ஜனவரியில் நீங்கள் இங்கே வந்திருந்தபோதே அவர் குரல் உடைந்துதான் இருந்தது. அதற்கும் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் சளி என்றார். பிறகு கூண்டில் கத்திக் கத்தி வந்த கரகரப்பு என்றார். வெந்நீர், தேன், ஆவி எல்லாம் பிடித்தார். டாக்டரிடம் போகலாம் என்றால், "போனாத்தான் ஏதாவது சொல்லுவான், போகாத வரைக்கும் இது தொண்டைக்கட்டு"ன்னுவார். நீங்கள் இருந்தபோது அவர் இருமின இருமலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிக் கேட்டார்கள். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

மார்ச்சில் ஒரு நாள் கிரேனில் பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு ஆள் குறுக்கே நடந்திருக்கிறான். இவர் வாக்கி டாக்கியை எடுத்து "விலகு"ன்னு கத்தியிருக்கிறார். வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. பெட்டியை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார், அவனும் தானாக நகர்ந்துவிட்டான். அன்றைக்கே இவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சிகரெட் பாக்கெட்டைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விட்டது அப்போதுதான். உங்களால் இல்லை. நீங்கள் சொன்னதால் விட்டதாக எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார்.

கட்டி ஒரு வருஷத்துக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும், சிகரெட்டை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "அவனுக்கென்ன தெரியும்?"னு சொல்லிப் பெட்டிக்கடைக்குப் போய்ப் பற்ற வைத்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

குரல்வளையையே எடுக்க வேண்டுமாம். எடுத்தால் பேச்சு வராது. "ஊமையா இருக்கிறதுக்கு இப்படியே போயிடறேன்"ங்கிறார். நீங்கள் எழுதினால்தான் கேட்பார்.

அண்ணனைக் கோபிக்காதீர்கள். போனில் பேசியவர்தானே, அவருக்கும் குரல் உடைந்தது தெரியும். உங்களிடம் சொல்லக் கூடாது என்று இவர்தான் சத்தியம் வாங்கினார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி.

*

ஜூலை 25

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று தெரிந்தால் நான் அங்கே வந்து உன்னை அடிப்பேன்.

அத்தானை எதிரே உட்காரவைத்துக் கேட்டேன். "உங்களுக்கும் தெரியுமா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் எனக்கு என்ன தெரியும்? நிமிர்த்திப் பார்த்தேன். "அவன்தான் சொல்லாதீங்கன்னான். அக்காவுக்குக் கேக்காது, அதுக்குத் தெரியறதுக்குள்ள சரியாயிடும்னான்." இதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது.

காது கேட்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. துறைமுகத்துக்கே தெரிந்திருக்கிறது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாது. என் காது போனபோது கூட நான் இவ்வளவு செவிடாக இருந்ததில்லையடா.

திட்டிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஊமையாக இருக்க மாட்டேன் என்றாயாமே. யாரிடம் ஊமை? கடைக்காரனிடம் ஊமை. கேட்டில் நிற்கிற லாரிக்காரனிடம் ஊமை. என்னிடம் நீ எப்படி ஊமையாக முடியும்? உன் குரல் எனக்கு இல்லாமல் போய் எத்தனை வருஷமாகிறது! அதில் என்றைக்காவது நமக்குள் பேச்சு குறைந்ததா? சண்டை குறைந்ததா? போன மாதம் என்னைக் கொன்று போடுகிற மாதிரி எழுதினாயே, அதற்குக் குரலா வேண்டியிருந்தது?

அறுவைக்குச் சம்மதி. எனக்காக என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையே இனி நமக்குள் வேண்டாம்.

அக்கா.

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? அத்தானோடு பேசு. தப்பு என்னுடையது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பன்னிரண்டாம் தேதி அறுவை.

நீ அடிப்பேன் என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு இருமலானது. வீட்டில் எல்லோரும் என்னை நோயாளியாகப் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்தாலே முகம் மாறுகிறது. உனக்கு எழுதும்போது மட்டும் எனக்கு ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது. கடிதத்தில் குரல் உடையாது. அந்த ஒரு இடத்தையாவது கெடுக்காமல் வைத்திருக்க நினைத்தேன். பிறகு நானே அதைப் போட்டு உடைத்தேன்.

விட்டதால் வந்தது என்று நான் நம்பினேன். பொய்க்கு எழுதவில்லை. பிடித்ததால் வந்தது என்றால் இத்தனை வருஷமும் நானே எனக்குச் செய்துகொண்டதாகிறது. அதைத் தாங்குவதை விட உன் மேல் போடுவது சுலபமாக இருந்தது. இப்போதும் சில நாள் காலையில் எழுந்தால் கொடிக்காரர் முகம்தான் வருகிறது. போகட்டும்.

மறுபடி பிடித்ததும் உண்மை. இனி என்ன ஆகப்போகிறது என்று ஒரு வெறுப்பு. "இப்ப விட்டாக்கூடத் தையல் சீக்கிரம் ஆறும்"னு டாக்டர் சொன்னார். தையலுக்காக விட்டிருக்கிறேன். பெரிய காரணமெல்லாம் சொன்னால் எனக்கு ஒத்துவரவில்லை.

அக்கா, உன் காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வா. போகிற குரல்தான். இருக்கும்போது உன்னிடம் ஒரு தடவை பேசிவிடுகிறேன்.

தம்பி.

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? டீச்சர் வீட்டில் குழம்பு தருவதாகச் சொன்னார்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முந்தின நாள் மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். தம்பிக்கு மீசையை எடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. மெஷினைப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, வந்தியா"ன்னான், அது உதட்டில் தெரிந்தது. பிறகு நிறையப் பேசினான். மெஷினில் எனக்குக் கேட்டதெல்லாம் விசிலும், சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தமும்தான். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "நான் என்ன சொன்னேன், சொல்லு"ன்னான். பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "தெரியலடா"ன்னேன். அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான். எழுதிக் காட்டச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். என்ன சொன்னான் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. பக்கத்தில் நின்றிருந்த அவன் மனைவிக்குத் தெரியும். அவள் அழுததைப் பார்த்தேன், அதனால் அவளிடமும் கேட்கவில்லை.

அறுவை நடந்தது. கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விடுகிறான். டாக்டர் என்னையும் அவன் மனைவியையும் கூப்பிட்டு, எனக்காகக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருக்கிறதாம். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துப் பார்ப்போம், நாள் கணக்குச் சொல்ல முடியாது என்று எழுதினார். போன வருஷம் வந்திருந்தால் என்று ஒரு வரி ஆரம்பித்து, பாதியில் அடித்துவிட்டார்.

அவனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். நர்ஸ்கள் அவன் எழுதி முடிக்கும்வரை நிற்பதில்லை, அவனுக்குக் கோபம் வருகிறது. என்னிடம் மட்டும் நிதானமாக எழுதுகிறான். நேற்று, "நான் விட்டது வீணா?" என்று எழுதிக் காட்டினான். "வீணில்லடா!"ன்னேன். எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சொல்லிவிட்டேனே தவிர, வீணா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

கரண்ட் வைத்து முடிகிறவரை இங்கேதான் இருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பஸ் ஓட்டிய காலத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பிடிக்க ஆரம்பித்தீர்கள். ரிட்டயர் ஆனதும் விட்டுவிட்டேன் என்றீர்கள். டிப்போப் பக்கம் போய்விட்டு வருகிற நாளில் உங்கள் சட்டை வேறு மாதிரி சொல்கிறது. மூக்கு எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் எழுந்ததும் நீங்கள் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் தோள் குலுங்கும். ஏதோ பல் தேய்க்கிறீர்கள் என்று இருந்துவிட்டேன்.

அது இருமலா? எத்தனை நாளாக? இருமினால் என்ன வருகிறது?

எனக்குக் கேட்காது என்பது இனி நம் வீட்டில் யாருக்கும் வசதியாக இருக்கக் கூடாது. உள்ளதை அப்படியே எழுதி, இன்றைக்கே தபாலில் சேருங்கள்.

உங்கள் மனைவி.